மாடியில் நெல் வேண்டாம், கீரை போதும்: நகரப் பண்ணையை வடிவமைப்பது எப்படி?

நகரத்தில் விவசாயம் என்று பேச்செடுத்தாலே, "மொட்டை மாடியில நெல்லு விளையுமா?" என்று யாராவது ஒருவர் கேட்பார். பெரும்பாலும் கேலிக்குத்தான் கேட்பார்கள். ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்க நல்ல கேள்வி அது.

ஓர் ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. ஏக்கருக்கு இரண்டு டன் நெல் விளைவதாக வைத்துக்கொள்வோம். 1,000 சதுர அடி மாடி முழுவதையும் வயலாக்கினால் கிடைப்பது சுமார் 45 கிலோ நெல். அரைத்தால் 30 கிலோ அரிசி. நான்கு மாதம் மாடியில் தண்ணீர் கட்டி, கீழ் வீட்டுக்காரரின் கோபத்தையும் தாங்கி, நான்கு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு மாதச் சோறு.

அதே மாடியில் 100 சதுர அடியை மட்டும் எடுத்துக் கீரை போட்டால்? ஒரு சதுர மீட்டரில் மாதம் ஒரு கிலோ கீரை என்பது குறைத்துச் சொன்ன கணக்கு. 100 சதுர அடி என்பது ஒன்பது சதுர மீட்டருக்குச் சற்று அதிகம். ஆக மாதம் ஒன்பது கிலோ. கட்டுக்கு 300 கிராம் என்றால் முப்பது கட்டு, அதாவது தினம் ஒரு கட்டு.

நகரப் பண்ணை வடிவமைப்பின் பாதி இந்தக் கணக்குக்குள் அடங்கிவிடுகிறது. அரிசியும் பருப்பும் மூட்டையில் ஒரு வருடம் கிடக்கும், லாரியில் ஆயிரம் கிலோமீட்டர் போகும், ஒன்றும் ஆகாது. அவற்றை ஊர்ப்புறத்திடமே விட்டுவிடலாம். கீரை அப்படியில்லை. காலையில் அறுத்தது மதியத்துக்குள் தலை தொங்கிவிடும். பிஞ்சு வெண்டைக்காய், புதினா, கொத்தமல்லி, முட்டை, மீன் எல்லாம் தூரம் போகப் போகக் கெடுகிறவை. இவைதான் நகரத்துக்குள்ளேயே விளையத் தகுந்தவை. "நகரம் தன் உணவைத் தானே விளைவித்துக்கொள்ளும்" என்று யாராவது மேடையில் முழங்கினால், எந்த உணவு என்று கேளுங்கள்.

மறுபாதி, நகரத்திடம் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பார்ப்பது. நிலம் கிடையாது. ஆனால் எந்தக் கிராமத்திலும் இல்லாத அளவுக்குக் கழிவு இருக்கிறது: சமையலறைக் குப்பை, சந்தைக் குப்பை, குளியலறைத் தண்ணீர், மழை பெய்தால் சாலையில் ஓடி வீணாகும் நீர். நகரப் பண்ணையை இந்தக் கழிவு போகிற வழியில் கொண்டுபோய் வைக்க வேண்டும். உரத்தையும் தண்ணீரையும் விலைக்கு வாங்கிக்கொண்டே இருக்கும் பண்ணை, ஆர்வம் குறைகிற அன்றைக்கு மூடப்படும்.

கொல்கத்தாவும் ஹவானாவும்

இதைக் கண்ணால் பார்க்க நல்ல இடம் கொல்கத்தாவின் கிழக்கு எல்லை. அங்கே சுமார் 12,500 ஹெக்டேர் சதுப்பு நிலம் இருக்கிறது. நகரத்தின் சாக்கடை நீர் கால்வாய்கள் வழியாகக் கிழக்கே ஓடி, 'பேரி' என்று அவர்கள் சொல்லும் ஆழமில்லாத மீன் குளங்களுக்குள் போகிறது. வெயில் படும் ஆழமற்ற நீரில் பாக்டீரியாக்கள் கழிவைச் சிதைக்கின்றன. அதிலிருந்து வெளிவரும் சத்தில் பாசி வளர்கிறது. பாசியையும் நுண்ணுயிர்களையும் ரோகு, கட்லா, திலேப்பியா போன்ற மீன்கள் தின்கின்றன. குளத்திலிருந்து வெளியேறும் நீர் நெல் வயல்களுக்குப் போகிறது. பக்கத்திலேயே தாபா என்ற இடத்தில், நகரம் தலைமுறை தலைமுறையாகக் குப்பை கொட்டிய மண்ணில் காய்கறி விளைகிறது. மீனும் காயும் சுற்றிக்கொண்டு நகரத்துக்கே திரும்பி வருகின்றன.

இதை எந்த நிபுணரும் உட்கார்ந்து திட்டம் போட்டு அமைக்கவில்லை. மீனவர்களும் விவசாயிகளும் பல தலைமுறைகளாகச் செய்து பார்த்துக் கற்றுக்கொண்டது. நகரத்துச் சாக்கடை எங்கே போய் என்னவாகிறது என்று 1980-களில் தேடிப் போன பொறியாளர் துருபஜோதி கோஷ்தான் இதன் அருமையை வெளியே சொன்னவர். 2002-இல் இதற்கு, ஈரநிலங்களைக் காப்பதற்கான சர்வதேச ஒப்பந்தமான ராம்சாரின் அங்கீகாரம் கிடைத்தது. சிக்கல்களும் இருக்கின்றன. ரியல் எஸ்டேட் ஒரு பக்கம் குளங்களைத் தின்கிறது. தோல் பதனிடும் ஆலைகள் போன்றவற்றின் கழிவு கலந்தால் கன உலோகங்கள் மீனிலும் காயிலும் ஏறும் என்ற கவலை இன்னொரு பக்கம். வீட்டுக் கழிவும் ஆலைக் கழிவும் ஒரே வாய்க்காலில் கலக்காமல் பார்த்துக்கொள்வதுதான் இந்த மாதிரிப் பண்ணைக்கு முதல் நிபந்தனை.

கியூபாவின் ஹவானா நகரத்தின் கதை வேறு. 1991-இல் சோவியத் ஒன்றியம் உடைந்தபோது, அங்கிருந்து வந்துகொண்டிருந்த எண்ணெய், உரம், உதிரிபாகம் எல்லாம் திடீரென்று வற்றிப்போயின. டிராக்டர் ஓட டீசல் இல்லை. ஊர்ப்புறத்தில் விளைந்ததை நகரத்துக்கு ஏற்றி வர லாரிக்கும் டீசல் இல்லை. வேறு வழியில்லாமல் நகரத்தின் காலி மனைகளில் பயிர் வைத்தார்கள். மனைகளில் நல்ல மண் எங்கே இருக்கும்? கட்டட இடிபாடும் கான்கிரீட்டும்தான். அதனால் அதன்மேலேயே கல்லையும் உடைந்த சிலாபுகளையும் வைத்து நீளமான தொட்டிகளைக் கட்டி, மண்ணும் மட்கு உரமும் கலந்து நிரப்பினார்கள். இரண்டு பக்கமிருந்தும் கை நீட்டினால் நடுவை எட்டும் அகலம். உள்ளே கால் வைத்து மண்ணை மிதிக்கத் தேவையில்லை. 'ஆர்கனோபோனிகோ' என்று இதற்குப் பெயர்.

இவற்றில் புகழ்பெற்றது ஹவானாவின் கிழக்கே, அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு நடுவே 1997-இல் தொடங்கிய விவேரோ அலமார் என்ற கூட்டுறவுப் பண்ணை. சுமார் பத்து ஹெக்டேர். மண்புழு உரம் அங்கேயே தயாராகிறது. விளைந்ததைப் பண்ணை வாசலிலேயே கடை போட்டு விற்கிறார்கள். லாரி தேவையில்லாத விவசாயம்.

இதைப் படித்துவிட்டுக் கியூபா தன்னிறைவு அடைந்துவிட்டதாக எழுதுகிறவர்கள் நிறைய பேர். அது சரியல்ல. இன்றைக்கும் அந்த நாடு தன் உணவில் பெரும்பகுதியை இறக்குமதிதான் செய்கிறது. நகரப் பண்ணைகள் தட்டில் கீரையையும் காயையும் கொண்டுவந்து வைத்தன, சோற்றை அல்ல. மேலே போட்ட மாடிக் கணக்கு அங்கேயும் மாறவில்லை.

மாடிக்கு முதலில் எடைக் கணக்கு

சரி, நம் வீட்டு மாடிக்கு வருவோம். எந்தச் செடி என்று யோசிப்பதற்கு முன்னால் தளம் எவ்வளவு தாங்கும் என்று பார்க்க வேண்டும்.

ஆட்கள் ஏறி நடமாடும் மொட்டை மாடிக்கு, தளத்தின் சொந்த எடை போக, சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ கூடுதல் பாரம் என்று கொண்டு வடிவமைக்கச் சொல்கிறது ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தர விதி. ஈரமான தோட்ட மண் ஒரு கன மீட்டர் 1,800 கிலோ வரை இருக்கும். மாடியில் ஒரு சதுர மீட்டருக்கு ஓர் அடி உயரம் மண் கொட்டி நீர் ஊற்றினால் 540 கிலோ. தாங்க வேண்டியதைப் போல மூன்றரை மடங்கு. "எங்க வீட்டுத் தளம் ஸ்ட்ராங்" என்று சொல்லி மாடி முழுக்கச் செம்மண் கொட்டுகிறவர்கள் இந்த எண்ணை ஒருமுறை பார்ப்பது நல்லது.

அதனால்தான் குரோ பேக் என்ற செடி வளர்க்கும் பையும் தென்னை நார்க்கழிவும். ஓர் அடி அகலம், ஓர் அடி உயரம் உள்ள பையில் ஏறக்குறைய 21 லிட்டர் கலவை பிடிக்கும். வெறும் மண்ணாக இருந்தால் நனைந்தபின் 38 கிலோ. மண், நார்க்கழிவு, மட்கு உரம் மூன்றும் சம பங்கு என்றால் எடை கணிசமாகக் குறையும். நெருக்கி அடுக்காமல் சதுர மீட்டருக்கு மூன்று நான்கு பை என்று வைத்தால், நீங்கள் நின்று வேலை பார்க்கும் எடைக்கும் இடம் மிஞ்சும்.

பைகளை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். கீழே சுவரோ பீமோ ஓடும் கோட்டின் மேல் வையுங்கள்; அறையின் நடு உச்சியில் வேண்டாம். பெரும்பாலான வீடுகளில் கைப்பிடிச் சுவரை ஒட்டிய ஓரம் பாதுகாப்பானது. ஆனால் கைப்பிடிச் சுவரின் தலைமேல் தொட்டி வைக்காதீர்கள். ஆடிக் காற்றுக்கே விழும், கார்த்திகைப் புயலுக்குச் சொல்லவே வேண்டாம். பைக்கு அடியில் இரண்டு செங்கல் கொடுத்துத் தூக்கி வைத்தால் தளம் காயும், கூட்ட முடியும், எங்கே ஒழுகுகிறது என்றும் தெரியும். மழைநீர்க் குழாய் வாயில் ஒரு வலை கட்டாயம். நார்க்கழிவு போய் அடைத்தால் மாடி குளமாகிவிடும், அப்புறம் நூறு கிலோ இருநூறு கிலோ கணக்கெல்லாம் வீண். பழைய வீடு, தளத்தில் விரிசல், கம்பி துரு தெரிகிறது என்றால் பொறியாளரைக் கூட்டி வந்து காட்டாமல் தொடங்க வேண்டாம்.

நியூயார்க்கில் புரூக்ளின் கிரேஞ்ச் என்ற நிறுவனம் 2010-இல் தன் முதல் மாடிப் பண்ணையைத் தொடங்கியபோது தேர்ந்தெடுத்தது பளபளப்பான புதுக் கட்டடத்தை அல்ல. கனரக இயந்திரப் பாரத்துக்குக் கட்டிய ஒரு பழைய தொழிற்கட்டடத்தை. மண்ணிலும் சுட்டு உப்ப வைத்த லேசான கல் கலந்திருந்தார்கள். அவர்களுடைய இரண்டாவது பண்ணை 65,000 சதுர அடி. அதற்கு நகரத்தின் சுற்றுச்சூழல் துறை பணம் கொடுத்து உதவியது. காரணம் காய்கறி அல்ல, மழை. மாடி மண் மழையைப் பிடித்து வைத்தால், சாக்கடை நிரம்பி ஆற்றில் வழிவது அந்த அளவுக்குக் குறையும். டிசம்பரில் மூழ்கும் நம் ஊர்களுக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன். மாடித்தோட்டத்துக்கு மானியம் கொடுக்கும்போது விதையையும் பையையும் மட்டும் கணக்கில் எடுக்கிறார்கள். அது பிடித்து வைக்கும் நீரையும் கணக்கில் எடுக்கலாம்.

வெயிலும் தண்ணீரும்

காய் காய்க்கும் செடிக்குக் குறைந்தது ஆறு மணி நேர நேரடி வெயில் வேண்டும். கீரைக்கு நான்கு மணி நேரம் போதும். இது எல்லோருக்கும் தெரிந்தது. பலர் கவனிக்காமல் விடுவது, வெயில் வருடம் முழுக்க ஒரே பக்கமிருந்து வராது என்பதை. சென்னையில் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் மதியச் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். இடையில் சற்று வடக்கே சாயும். மார்கழி, தையில் நன்றாகத் தெற்கே இறங்கிவிடும். தெற்கே உயரமான அபார்ட்மென்ட் இருந்தால், மே மாதம் வெயில் கொளுத்தும் அதே மூலை தை மாதம் முழு நிழலில் கிடக்கும். ஆகவே இடத்தை ஒரே நாளில் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

பந்தல் எங்கே போடுவது என்பதும் இதிலிருந்தே வரும். பீர்க்கன், புடலை, பாகல் பந்தலை வடக்கு ஓரத்தில் போட்டால் குளிர்காலத்தில் மற்றச் செடிகளுக்கு நிழல் கட்டாது. மேற்கு ஓரத்தில் போட்டால் மாலை வெயிலைத் தடுத்து மாடியையும் கீழறையையும் சேர்த்துக் குளிர்விக்கும். எது வேண்டும் என்பது உங்கள் வீட்டைப் பொறுத்தது. சித்திரை, வைகாசியில் கீரைக்கு மேல் பச்சை நிழல்வலை கட்டுவதைத் தவிர்க்க முடியாது. இன்னொன்று: சுரையும் பீர்க்கனும் மாலையில் பூக்கும், பூசணி காலையில். மேல் மாடிகளுக்குத் தேனீயோ அந்துப்பூச்சியோ வராவிட்டால், பூ விரியும் நேரத்துக்குப் போய் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தொட்டுவிட வேண்டும். பெண் பூவின் அடியில் சின்னப் பிஞ்சு இருக்கும், அதை வைத்து அடையாளம் காணலாம்.

இனி தண்ணீர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். சென்னையில் வருடத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் பெய்கிறது. 1,000 சதுர அடி மாடியில் விழுவது 1,30,000 லிட்டர். ஐம்பது பைக்குத் தினம் ஒரு லிட்டர் வீதம் ஊற்றினாலும் வருடத்துக்கு 18,250 லிட்டர்தான் செலவு. ஏழு மடங்கு வானத்திலிருந்து வருகிறது! ஆனால் அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும். செடிக்குத் தாகம் எடுப்பது ஏப்ரலில். கோடை மூன்று மாதத்துக்குச் சேமிக்க வேண்டும் என்றால் 4,500 லிட்டர் தொட்டி வேண்டும். நான்கரை டன். மாடியில் வைக்க முடியாது. தரைத்தொட்டி உள்ளவர்களுக்கு மட்டும் சாத்தியம்.

மற்றவர்கள் என்ன செய்வது? கோடையில் தோட்டத்தைச் சுருக்கிக்கொள்ளுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் பாதிப் பைகளைக் காலி செய்து, கலவையை வெயிலில் காயப் போட்டு, புது உரம் சேர்த்து வையுங்கள். வெயில் தாங்கும் பருப்புக்கீரை, கொடிப்பசலை போன்றவை மட்டும் நிற்கட்டும். மழைக்கும் வெயிலுக்கும் ஏற்ப விரிந்து சுருங்குவதும் வடிவமைப்புதான். 2019 கோடையில் சென்னையே லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்றது. அப்படி ஒரு வருடத்தில் தக்காளிக்குத் தண்ணீர் கேட்டு யாரிடம் போவது?

வீட்டுக்குள்ளேயே சில ஊற்றுகள் உண்டு. அரிசி, காய் கழுவிய நீர் அப்படியே ஊற்றலாம். ஏ.சி. குழாயில் சொட்டும் நீரில் உப்பே கிடையாது. கடலோர ஊர்ப் புழுக்கத்தில் ஓர் இரவுக்குப் பல லிட்டர் சேரும். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் நீர் அளவில் நிறைய, ஆனால் உப்பு செறிந்தது. நாள்தோறும் ஊற்றினால் பை ஓரத்தில் வெள்ளையாகப் பூக்கும், கீரையின் இலை நுனி கருகும். வாஷிங் மெஷின் நீர் பைகளுக்கு வேண்டவே வேண்டாம். குளியலறை நீரைத் தரையில் கல்வாழை, வாழை வைத்த பாத்திக்கு விடலாம்.

உரம், மண், செலவு

நான்கு பேர் உள்ள வீட்டில் தினம் ஒரு கிலோ சமையலறைக் கழிவு விழும் என்று வைத்தால் மாதம் 30 கிலோ. மட்கியபின் ஐந்தாறு கிலோவாகச் சுண்டும். ஐம்பது பைக்கு ஆளுக்கு ஒரு பிடி. கணக்கு அழகாக ஒத்துவருகிறது. நாற்றம் வராமல் இருக்க ஒரே வழி, காய்கறித் தோல் போடும் ஒவ்வொரு முறையும் அதே அளவுக்குக் காய்ந்த இலையையோ நார்க்கழிவையோ மேலே மூடுவது. தெருவில் கூட்டி எரிக்கிறார்களே, அந்த இலைதான் உங்களுக்கு வேண்டியது. கடையில் வாங்கும் நார்க்கழிவுக் கட்டியை ஊறப் போட்டு, இரண்டு முறை நீர் மாற்றி அலசிய பிறகே கலவையில் சேருங்கள், அதில் உப்பு இருக்கும்.

தரையில் காலி மனை கிடைத்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இல் நின்றது. ஈயம் மண்ணை விட்டு அவ்வளவு சுலபத்தில் போகாது. பெரிய சாலை ஓரம், பழைய ஒர்க் ஷாப் இருந்த இடம், பெயின்ட் சுரண்டிய சுவரடி என்றால் மண்ணைப் பரிசோதியுங்கள். சந்தேகம் தீராவிட்டால் ஹவானாக்காரர்கள் மாதிரி தொட்டி கட்டி, வெளியிலிருந்து மண் போடுங்கள். சாலைக்கு அருகே கீரையையும் கிழங்கையும் தவிர்த்துக் காய்களை வைப்பது இன்னும் நல்லது.

கண்ணாடி அறைக்குள் ஊதா விளக்கில் அடுக்கடுக்காகக் கீரை வளரும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். செங்குத்துப் பண்ணை. தண்ணீர் மிகக் குறைவு, பூச்சிமருந்து இல்லை; எல்லாம் உண்மை. ஆனால் சூரியன் இலவசமாகச் செய்வதை மின்சாரம் செய்ய வேண்டும். ஒரு கிலோ கீரைக்குப் பத்து யூனிட்டுக்கு மேல் ஆவது சாதாரணம். அமெரிக்காவில் இந்தத் தொழிலில் இருந்த ஏரோஃபார்ம்ஸ் நிறுவனம் 2023-இல் திவால் பாதுகாப்புக் கேட்டது, பவரி ஃபார்மிங் நிறுவனம் 2024-இல் மூடியது. நிலமே இல்லாத சிங்கப்பூர்கூட, 2030-க்குள் ஊட்டத் தேவையில் 30 சதவீதத்தை உள்நாட்டிலேயே விளைவிப்போம் என்று 2019-இல் அறிவித்த இலக்கை 2025-இல் கைவிட்டு வேறு இலக்குக்கு மாறியது. வருடம் முழுக்க வெயில் அடிக்கும் ஊரில் விளக்குப் போட்டுக் கீரை வளர்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

கடைசியாக, தோட்டம் சாவது பெரும்பாலும் பூச்சியால் அல்ல. பொங்கலுக்கு ஐந்து நாள் ஊருக்குப் போவதால். மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்பும் கரைத்துத் தெளிக்கலாம், வறண்டு செத்த செடிக்கு மருந்தில்லை. சின்ன டைமர் வைத்த சொட்டுநீர்க் குழாய், இல்லையென்றால் பக்கத்து வீட்டுக்காரருடன் ஒப்பந்தம்: நீங்கள் இல்லாத நாட்களில் அவர் தண்ணீர் ஊற்றட்டும், கீரையை அவரே பறித்துக்கொள்ளட்டும். அபார்ட்மென்டில் இருந்தால் மாடி எல்லோருக்கும் பொது; சங்கத்தில் எழுத்தில் அனுமதி வாங்கியபின் பை வாங்குங்கள்.

ஆடியில் தொடங்குவதாக இருந்தால் முதல் முறை பத்துப் பைக்கு மேல் வேண்டாம். ஆறில் சிறுகீரையும் அரைக்கீரையும், இரண்டில் கத்தரி, ஒன்றில் மிளகாய், ஒன்றில் புதினா. சிறுகீரை 25 நாளில் பறிப்புக்கு வரும். அரைக்கீரையை வேரோடு பிடுங்காமல் கிள்ளி எடுத்தால் மறுபடி மறுபடி துளிர்க்கும். கத்தரி காய்க்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். அதற்குள் உங்கள் மாடியில் வெயில் எங்கே விழுகிறது, தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று தெரிந்துவிடும். அடுத்த பத்துப் பையை அதற்கேற்ற இடத்தில் வைக்கலாம்.